சிமெண்ட் வைக்காத நாலு இடம்

சுகுமார் சுவர்மேல் ஏறி நின்றதும் முதல் கல் ஊர்ப் பக்கத்திலிருந்து வந்தது. இரண்டாவது கல் அமுதம் நகர்ப் பக்கத்திலிருந்து வந்தது. முதல் கல் தோளில் விழுந்தது. இரண்டாவது கல் காதுக்கு மேலே தோலைப் பிளந்தது. ரத்தம் மழையோடு சேர்ந்து கழுத்து வழியாகச் சட்டைக்குள் இறங்கியது.

"கடப்பாரையைக் கீழ போடு! போடப் போறியா இல்லையா?"

கத்தியவர் அவனுடைய மாமனார் சாம்பசிவன். மார்பளவுத் தண்ணீரில், சுவருக்கு முதுகைக் கொடுத்து நின்றிருந்தார். அவர் பக்கத்தில் நகர் நலச் சங்கத் தலைவர் அனந்தகிருஷ்ணன், கொடிக்கம்பத்திலிருந்து கழற்றிய இரும்புப் பைப்போடு நின்றார். பின்னால் இன்னும் ஏழெட்டுப் பேர்.

கடைசி வீட்டின் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி மிருதுளா இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடிபட்டவன் அவள் கணவன். அடிக்க நிற்கிறவர் அவள் அப்பா. அவளுக்குப் பின்னால், சாப்பாட்டு மேஜைமேல் போட்ட மெத்தையில் அம்மா திரிபுரசுந்தரி மல்லாந்து கிடந்தாள். இடுப்பு எலும்பில் பிளேட் வைத்து ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. அன்றிலிருந்து மிருதுளா பிறந்த வீட்டில்தான் இருந்தாள். மேஜைக் கால்களுக்கு அடியில் இரண்டிரண்டு செங்கல். விடிகாலையில் வாசற்படியில் நின்ற தண்ணீர் இப்போது மெத்தைக்கு நாலு விரல் கீழே நின்றது.

அம்மாவை வெளியே கொண்டுபோகக் காலையிலேயே முயன்று பார்த்தார்கள். நாலு பேர் தூக்கியதும் அவள் போட்ட அலறலில் அப்படியே கீழே வைத்துவிட்டார்கள். "தூக்காதீங்க. பிளேட் நழுவினா ரத்தக்குழாய் கிழிஞ்சிடும்" என்று டாக்டர் போனில் சொன்னார். தெருவின் நடுப்பள்ளத்தில் கழுத்தளவுத் தண்ணீர், அதற்குள் சாய்ந்துபோன மின்கம்பம். முடிச்சூர்ப் பக்கம் போன மீட்புப் படகு வரும் என்றார்கள். எப்போது என்று யாருக்கும் தெரியவில்லை.

"மிருது, வெளியில என்னம்மா சத்தம்?" என்று அம்மா கேட்டாள்.

"ஒண்ணுமில்லம்மா. சுகு வந்திருக்கார்."

"மாப்பிள்ளையா? மழையில நிக்க வைக்காத. உள்ள வரச் சொல்லு."

மிருதுளா நகர்ந்து ஜன்னலை மறைத்து நின்றாள்.

ராஜகீழ்ப்பாக்கத்துக்குத் தெற்கே, மேலே ஒரு ஏரி. ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாக வழிந்து வரும் கால்வாய்க்கு அந்தப் பக்கம் ஊர், இந்தப் பக்கம் அமுதம் நகர். ஆறு ஏக்கரில் அறுபது வீடுகள். நடுவே இருந்த ஐந்தடிச் சுற்றுச்சுவரின் அடியில் ஓரடி அகலத்தில் நாலு ஓட்டைகள் இருந்தன. நகரில் பெய்யும் மழை அந்த வழியாகத்தான் கால்வாய்க்குப் போகும்.

போன மழையில் கால்வாய் நிரம்பி, கடைசி ஒரு மணி நேரம் அதே ஓட்டைகள் வழியாகத் தண்ணீர் உள்ளே வந்தது. அந்த ஒரு மணி நேரத்தை எல்லாரும் செல்போனில் படம் எடுத்து, சங்கத்தின் வாட்ஸப் குழுவில் போட்டார்கள். அதற்கு முந்தைய பத்து மணி நேரம் தங்கள் தலைமேலும் தங்கள் மாடிமேலும் பெய்ததை யாரும் படம் எடுக்கவில்லை. ஓட்டைகளை அடைத்துவிட்டுச் சுவரை ஏழடிக்கு உயர்த்துவது என்று சங்கம் தீர்மானம் போட்டது. செயலாளர் சாம்பசிவன் வேலைக்குக் கூப்பிட்ட மேஸ்திரி சுகுமார்.

அதுவே ஒரு பெரிய விஷயம். மிருதுளா வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தில் கழிப்பறை கட்ட வந்தவன் அவன். கண்ணாடிபோலத் தெரியும் நீளமான பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையைத் தான் பிடித்து, மறுமுனையைத் தன் அம்மா தனத்திடம் கொடுத்துத் தரையின் மட்டம் பார்த்துக்கொண்டிருந்தான். மிருதுளா எட்டாம் வகுப்பையே வெளியே கூட்டி வந்து அதைக் காட்டினாள். "தண்ணி எங்க போனாலும் தன் மட்டத்துல வந்துதான் நிக்கும், பாருங்க" என்றாள். "அதான் டீச்சர் நானும் முப்பது நாளா இங்கயே வந்து நிக்கிறேன்" என்று அவன் சொன்னதற்குப் பிள்ளைகள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு குன்றத்தூர் முருகன் கோயில் படிக்கட்டில் தாலியாக முடிந்தது. அப்பா வரவில்லை. கால்வாயைத் தாண்டி நூறடியில் மகள் குடித்தனம் நடத்தியும் இரண்டு வருடம் அவர் பேசவில்லை.

பிறகு ஒருநாள் அவர் சுவரோரமாக வந்து நின்று, "மாப்பிள்ளை, ஒரு வேலை இருக்கு" என்றார்.

சுகுமார் அன்றைக்கே சொன்னான். "மாமா, ஓட்டை வுடாம கட்டக் கூடாது. உள்ள பெய்யிற தண்ணி எங்க போவும்?"

"வெளித் தண்ணி வராம இருந்தா போதும். நீ கட்டு, மாப்பிள்ளை."

இரண்டாவது முறையாக அந்த வார்த்தை. அவன் கட்டினான்.

நேற்று சாயங்காலத்திலிருந்து விடாத மழை. கேனை வெட்டி, ஸ்கேல் ஒட்டி, மொட்டை மாடியில் மிருதுளா வைத்த மழைமானி காலை எட்டு மணிக்கு இருபது சென்டிமீட்டர் காட்டியது. அவள் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டு அப்பாவிடம் நீட்டினாள்.

"அப்பா, ஆறு ஏக்கர்ல இருபது சென்டிமீட்டர்னா நானூறு டேங்கர் லாரித் தண்ணி. விழுற மழைக்கு மூணே வழிதான். கொஞ்சம் மண்ணுக்குள்ள இறங்கும். கொஞ்சம் ஆவியாகி மேல போகும். மிச்சம் பள்ளம் பார்த்து ஓடும். நாம தென்னை மரத்தடி வரைக்கும் சிமெண்ட் போட்டாச்சு, மண்ணுக்குள்ள போகாது. மழை பெய்யறப்போ ஆவியும் ஆகாது. மிச்ச ஒரு வழியையும் சுவர் வச்சு அடைச்சிட்டோம். இது ஏரித் தண்ணி இல்லப்பா, நம்ம தண்ணி."

"வகுப்பு எடுக்காத" என்றார் சாம்பசிவன். வாட்ஸப் குழுவில் அதற்குள் ஒரு செய்தி வந்திருந்தது. ஊர்க்காரர்கள் ஏரிக்கரையை வெட்டிவிட்டார்கள், சுவரை உடைக்க வருகிறார்கள். ஊருக்குள் வேறொரு செய்தி ஓடியது. நகர்க்காரர்கள் சுவரை உடைத்து ஊரை மூழ்கடிக்கப் போகிறார்கள்.

கடப்பாரையோடு சுவர்மேல் நின்ற சுகுமாரை இரண்டு பக்கமும் அடித்தது இதனால்தான்.

"மாமா, கேளுங்க!" அவன் காதைப் பொத்திக்கொண்டு கத்தினான். "நான் ஏரிக்குப் போய்ப் பாத்துட்டுத்தான் வரேன். கலங்கலுக்கு இன்னும் ஒரு சாண் பாக்கி. அது வழிஞ்சிச்சின்னா கால்வா ரொம்பிடும். அப்புறம் இந்தத் தண்ணிக்குப் போக்கே கிடையாது. ஒரு மணி நேரம்தான் இருக்கு. இப்பவே வுட்டாவணும்!"

"டேய் சுகுமாரு!" ஊர்ப் பக்கக் கரையிலிருந்து லோகநாதனின் குரல். கால்வாயை ஒட்டி அவன் வீடுதான் முதல் வீடு. "அந்த செவுத்துல ஒரு கல்லு பேந்துச்சி, உன் மண்டைய பேத்துருவேன். போன வருசம் உன் மாமனாரு பெட்டிசன் போட்டு என் மாட்டுக் கொட்டாய இடிச்சாரே, அப்ப இன்னா பண்ண நீ? இன்னிக்கு அவுங்க தண்ணிய என் வூட்டுக்குள்ள வுடுவியா? மாமியார் வூட்டு விசுவாசமா?"

அடுத்த கல் சுகுமாரின் முழங்காலில் விழுந்தது. அவன் நிலைகுலைந்து நகர்ப் பக்கம் சரிந்து, தண்ணீருக்குள் தலைகுப்புற விழுந்தான்.

எழுவதற்குள் அவன்மேல் பாய்ந்தார்கள். ஒருவன் தலைமயிரைப் பிடித்துத் தண்ணீருக்குள் அழுத்தினான். அனந்தகிருஷ்ணனின் பைப் அவன் முதுகில் இறங்கியது. பதினெட்டு வருடம் அலுவலகத்தில் கோபமே படாதவர் என்று பெயர் வாங்கிய மனிதர், பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி மறுபடி ஓங்கினார். "உன் ஊர்க்காரனுக்காக உளவு பாக்கறியா? எங்க வீட்ல சாப்பிட்டுட்டு!" சுகுமார் உதறி எழுந்து, மூச்சு வாங்கி, கடப்பாரையை எடுத்துச் சுவரை நோக்கி ஓரடி வைத்தான். சாம்பசிவன் அதைப் பாய்ந்து பிடுங்கினார். பிடுங்கிய வேகத்திலேயே வீசினார்.

முருங்கைக் கிளை முறிகிற சத்தம் கேட்டது.

சுகுமாரின் வலது மணிக்கட்டு கோணலாகத் தொங்கியது. அவன் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றான். கொத்துக் கரண்டி பிடிக்கிற கை.

மிருதுளா ஜன்னலை விட்டாள். "அம்மா, ரெண்டு நிமிஷம். அசையாதீங்க" என்று சொல்லிவிட்டுத் தண்ணீருக்குள் இறங்கினாள். நடுக்கூடத்தில் மிதந்த ஃப்ரிட்ஜைத் தள்ளிக்கொண்டு, வாசலைத் தாண்டி, மார்பால் தண்ணீரைப் பிளந்துகொண்டு போனாள். அப்பாவுக்கும் கணவனுக்கும் நடுவே புகுந்து, அப்பாவின் மார்பில் இரண்டு கையாலும் ஓங்கி அறைந்தாள். பிறந்து முப்பது வருடத்தில் அவரை நோக்கிக் கையே நீட்டியிராதவள். அவர் பின்னால் சாய்ந்து சுவரில் மோதினார்.

"அவரைத் தொட்ட கை இன்னொரு தரம் ஓங்கட்டும், பாக்கறேன். அங்க அம்மா தண்ணிக்கு நாலு விரல் மேல கெடக்கறா. நீங்க இங்க செவுத்துக்குக் காவல் நிக்கறீங்களா?"

"வெளியில பாருடி! மேல ஏறிப் பாரு, கால்வாய் எப்படிப் போகுதுன்னு! செவுத்தை உடைச்சா அத்தனையும் உள்ள வரும். உங்கம்மா அஞ்சு நிமிஷத்துல போயிடுவா!" அவர் குரல் உடைந்தது. அப்போதுதான் மிருதுளாவுக்குப் புரிந்தது. அவர் சுவரைக் காக்கவில்லை. அம்மாவைக் காப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்.

மேலேயிருந்து பார்த்தால் எல்லாத் தண்ணீரும் ஒரே உயரம்தான். பழுப்பாக நுரைத்துக்கொண்டு ஓடும் தண்ணீர், தேங்கி நிற்பதைவிட உயரமாகவே தெரியும். கண்ணால் பார்த்து இதைச் சொல்ல முடியாது.

"டியூப்பு..." என்றான் சுகுமார். "வாயால சொன்னா உங்கப்பா நம்ப மாட்டாருன்னுதான் எடுத்தாந்தேன், டீச்சர்."

அவன் மார்பில் மாலைபோல் சுற்றியிருந்தது அந்தக் குழாய். மிருதுளா அதை அவன் தலை வழியாகக் கழற்றினாள். முழுக் குழாயையும் தண்ணீருக்குள் அமுக்கி நிரப்பினாள்.

"குமிழி இல்லாம பாரு. குமிழி இருந்தா மட்டம் தப்பாக் காட்டும்" என்றான் அவன். பற்கள் அடித்துக்கொண்டன. "ஒரு முனைய மடிச்சிக் கட்டு. என் இடுப்புல தூக்குக்குண்டு கீது, அதக் கட்டி எறி."

அவள் தலைமுடி ரப்பர் பேண்டால் குழாய் முனையை மடித்துக் கட்டினாள். சுவரின் செங்குத்தைப் பார்க்கும் பித்தளைக் குண்டை அதில் சேர்த்து முடிந்தாள். சுவரைப் பார்த்து உரக்கக் கூப்பிட்டாள்.

"அத்தை! டியூப் வருது! பிடிங்க!"

"எறி கண்ணு!" அந்தப் பக்கத்திலிருந்து தனத்தின் குரல் வந்தது. முப்பது வருடம் செங்கல் சுமந்த சித்தாள். மகன் அடி வாங்குவதைக் கரையிலிருந்து பார்த்துப் பார்த்துக் குரல் கிழிந்திருந்தது. "எறிடி, நான் கீறேன்!"

குண்டு சுவரைத் தாண்டிப் பறந்தது. அந்தப் பக்கம் ஒரு தள்ளுமுள்ளு கேட்டது.

"அக்கா, அத்த வுடு! இன்னா வித்த காட்டறாளுங்க?"

"கைய எடுடா லோகு. எடுக்கறியா? உன் கொட்டாய்க்கு மண்ணு மிதிச்சவ நானு. மட்டம் பாக்கச் சொல்ல குறுக்க வந்தா, கால்வாலயே மிதிச்சி அமுக்கிருவேன். பேஜார் பண்ணாத, நவுரு."

பளீரென்று ஒரு அறை விழுந்த சத்தம். யார் யாரை அடித்தது என்று சுவரின் இந்தப் பக்கம் தெரியவில்லை. ஒரு நொடி கழித்துத் தனம் கத்தினாள். "கால்வாத் தண்ணில உட்டாச்சி! முடிச்ச அவுத்துட்டேன்!"

மிருதுளா தன் பக்க முனையைத் தண்ணீருக்கு மேலே தூக்கிச் சுவரோடு நிமிர்த்திப் பிடித்தாள். "அப்பா, பாருங்க. அந்தப் பக்கத் தண்ணி எவ்வளவு உயரத்துல நிக்குதோ, இந்த டியூப்ல அதே உயரத்துலதான் நிக்கும்."

குழாயில் விளிம்பு வரை இருந்த நீர் இறங்கியது. மார்பளவில் நிற்கவில்லை. அவர்கள் நின்றிருந்த தண்ணீரின் மேல்மட்டத்திலும் நிற்கவில்லை. அதற்கும் கீழே போய், கலங்கிய தண்ணீருக்குள் மறைந்துவிட்டது.

சுற்றி நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"இதெல்லாம் ஏதோ டிரிக், சார்" என்றார் அனந்தகிருஷ்ணன்.

மிருதுளா அப்பாவின் கையை இழுத்தாள். குழாயின் வாயைத் தண்ணீருக்குள் அமுக்கி, அவர் உள்ளங்கையை அதன்மேல் வைத்தாள். உள்ளங்கை குழாயோடு ஒட்டிக்கொண்டது. அந்தப் பக்கத்திலிருந்து யாரோ வாய் வைத்து உறிஞ்சுவதுபோல் தோலை இழுத்தது. சாம்பசிவன் கையைப் பிய்த்து எடுத்தார். உள்ளங்கையில் சிவப்பாக ஒரு வட்டம் பதிந்திருந்தது.

"இங்க குபுகுபுன்னு வருதுடி!" என்று தனம் கத்தினாள். "நல்ல எறக்கம் கீது, கண்ணு!"

சாம்பசிவன் தன் உள்ளங்கையைப் பார்த்தார். பிறகு சுகுமாரின் கையைப் பார்த்தார். அதே நேரத்தில் வீட்டுக்குள்ளிருந்து "மிருது! முதுகு நனையறது! மிருது!" என்ற அலறல் வந்தது.

அவர் கடப்பாரையை ஓங்கிச் சுவரில் குத்தினார். தீப்பொறிதான் வந்தது. மறுபடி குத்தினார். கல் கட்டிச் சிமெண்ட் ஊற்றிய சுவர். சின்னச் சில்லுகூடப் பெயரவில்லை.

"அங்க இல்ல" என்றான் சுகுமார்.

அவர் திரும்பினார்.

"பழைய ஓட்டை நாலுலயும் நான் சிமெண்ட் வெக்கல. சேத்துல செங்கல் அடுக்கி, மேல மட்டும் பூசிட்டேன். என்னிக்காவது வேணும்னு தோணிச்சி. உங்ககிட்ட சொன்னா மறுபடி மாப்பிள்ளன்னு கூப்பிட மாட்டீங்கன்னு சொல்லல." அவன் எச்சிலை விழுங்கினான். "ஏமாத்திட்டேன் சார்."

"எங்க?" என்றார் சாம்பசிவன். அவ்வளவுதான் கேட்டார்.

"மூணாவது தூணுக்கும் நாலாவது தூணுக்கும் நட்டநடுவுல. அடியில. கால வெச்சித் தடவுங்க, பூச்சு கொஞ்சம் உப்பினாப்புல இருக்கும். ஒடையச் சொல்ல நேர் எதுக்க நிக்காதீங்க. பக்கமா நில்லுங்க. இழுத்துடும்."

அவர் காலால் தடவினார். கண்டுபிடித்தார். குனிந்து, முகம் தண்ணீரில் முங்க முங்கக் குத்தினார். நாலாவது குத்தில் ஏதோ தளர்ந்தது.

அப்போது சுவர்மேல் லோகநாதன் ஏறிவிட்டான். கால்வாயை நீந்திக் கடந்து, கன்னத்தில் ஐந்து விரல் தடத்தோடு, கையில் சவுக்குக் கட்டையோடு வந்திருந்தான். "வுட மாட்டேன்! என் புள்ளைங்க தூங்கற வூடு அது! ஒத்தப் பெட்டிசன்ல என் பொழப்பயே இடிச்சவன் நீ!" சவுக்குக் கட்டை சாம்பசிவனின் தோளில் இறங்கியது. அவர் நிமிரவில்லை. இரண்டாவது அடி நெற்றியைக் கிழித்தது. மூக்கு நுனியில் ரத்தம் சொட்ட அவர் குத்திக்கொண்டே இருந்தார். சுகுமார் இடது கையால் கட்டையின் முனையைப் பிடித்துத் தொங்கினான். அனந்தகிருஷ்ணன் பைப்பை லோகநாதனின் கணுக்காலில் வீசினார்.

தண்ணீருக்கு அடியில் ஒரு பெருமூச்சுப் போல ஒரு சத்தம். செங்கல்கள் வெளியே பிடுங்கிக்கொண்டு போயின. ஒரு நொடி எல்லாத் தண்ணீரும் அந்த ஓட்டையைப் பார்த்துத் திரும்பியது. சாம்பசிவன் பக்கமாக நிற்க மறந்திருந்தார். அவர் வலது கால் ஓட்டைக்குள் தொடை வரை போய் அடைத்துக்கொண்டது. தண்ணீர் அவரை மடக்கித் தலையை உள்ளே அழுத்தியது.

"அப்பா!"

மிருதுளா அவர் சட்டையைப் பிடித்தாள். சுகுமார் ஒற்றைக் கையால் அவர் அக்குளைப் பிடித்து இழுத்தான். வரவில்லை. ஆறு ஏக்கர் மழை அவர் முதுகில் உட்கார்ந்திருந்தது. அவர் வாயிலிருந்து குமிழிகள் வந்தன, பிறகு குறைந்தன. "பக்கத்துல குத்து! அடுத்த கல்ல!" என்று சுகுமார் அலறினான். அனந்தகிருஷ்ணன் பைப்பைத் தூக்கிப் போட்டுவிட்டுத் தண்ணீருக்குள் மூழ்கிக் கடப்பாரையைத் தேடி எடுத்தார். ஓட்டையின் விளிம்பில் கண்ணை மூடிக்கொண்டு குத்தினார்.

மூணாவது தூணுக்கும் நாலாவது தூணுக்கும் நடுவே இருந்த பத்தடிச் சுவர் மொத்தமாக வயிறு உப்பி, வெளியே சாய்ந்தது. அதன்மேல் நின்ற லோகநாதனும் அடியில் மாட்டிய சாம்பசிவனும் அதோடு கால்வாய்க்குள் போனார்கள். மிருதுளா நாலாவது தூணைக் கட்டிப்பிடித்தாள். அவள் இடுப்பைச் சுகுமாரின் இடது கை கட்டிப்பிடித்திருந்தது. நாற்காலிகள், கேஸ் சிலிண்டர், யாருடைய வீட்டுத் துளசி மாடமோ, எல்லாம் அவர்களை இடித்துக்கொண்டு போயின.

கால்வாயில் முப்பதடி தள்ளி ஒரு புங்கமரத்தின் வேர். லோகநாதன் அதைப் பிடித்திருந்தான். அவனைத் தாண்டி வெள்ளைச் சட்டை ஒன்று உருண்டு போனது. அவன் காலை நீட்டினான். பிறகு கையை நீட்டினான். காலர் சிக்கியது. கரையில் தனம் அவன் பனியனைப் பிடித்து இழுக்க, அவன் சாம்பசிவனை இழுக்க, மூன்று பேரும் சேற்றில் விழுந்தார்கள். லோகநாதன் அவரைக் குப்புறப் போட்டு முதுகில் குத்தினான். வாயிலிருந்து தண்ணீர் வந்தது. இருமல் வந்தது. கண் திறந்தது.

கண் திறந்ததைப் பார்த்துவிட்டு லோகநாதன் அவர் கன்னத்தில் ஓங்கி ஒரு அறை விட்டான்.

"இது என் கொட்டாய்க்கு" என்றான். பிறகு தலையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்தான். அவன் வீட்டு வாசல்படியில் தண்ணீர் ஏறவில்லை. படிக்கு ஒரு சாண் கீழேயே ஓடிக்கொண்டிருந்தது.

மிருதுளா வீட்டுக்குள் ஓடியபோது கூடத்துச் சுவரில் ஈரக்கோடு தண்ணீருக்கு மேலே ஒரு முழம் தெரிந்தது. மெத்தை ஒரு பக்கம் மிதந்து மறுபடி மேஜைமேல் கோணலாக உட்கார்ந்திருந்தது. அம்மா ஜன்னல் கம்பியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு, உதடு நீலமாக, உயிரோடு இருந்தாள்.

"மாப்பிள்ளையை யாரோ அடிச்ச மாதிரி கேட்டுதே?"

"அப்பாதாம்மா. கை ஒடிஞ்சிடுச்சு."

திரிபுரசுந்தரி கம்பியிலிருந்து விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.

"உங்கப்பாவை இங்க வரச் சொல்லு. என் கைக்கு எட்டற தூரத்துல வந்து நிக்கச் சொல்லு."

ஏரி வழிந்தது பன்னிரண்டரைக்கு. மேலிருந்து வந்த தண்ணீரின் இரைச்சல் முதலில் கேட்டது, பிறகு கால்வாய் கண்ணெதிரே உயர்ந்தது. அதற்குள் நகரில் தண்ணீர் முழங்காலுக்குக் கீழே இறங்கியிருந்தது. இனி அந்தப் பத்தடித் திறப்பை மூட வேண்டும். இல்லையென்றால் போனது எல்லாம் திரும்பி வரும். நகரில் ஒரு பிடி மண் கிடையாது. சாக்குகளை நிரப்ப ஊர்ப் பக்கத்திலிருந்துதான் வந்தது. லோகநாதனின் இடிந்த கொட்டகையின் செங்கல்லும் மண்ணும். தெருமுனைப் பாலம் வழியாக அவனே சுமந்து வந்து போட்டான். ஒவ்வொரு சாக்கையும் போடும்போது சாம்பசிவனைப் பார்த்தே போட்டான். அனந்தகிருஷ்ணன் யார் முகத்தையும் பார்க்காமல் வாங்கி அடுக்கினார்.

சுகுமார் உடைந்த தூணின்மேல் உட்கார்ந்திருந்தான். மிருதுளாவின் துப்பட்டாவில் கை கட்டித் தொங்கியது. படகில் வந்த மருத்துவப் பணியாளர் பார்த்துவிட்டு, தாம்பரம் போய் எக்ஸ்ரே எடுக்க வேண்டும், விரல்கள் முன்புபோல மடங்குமா என்று இப்போது சொல்ல முடியாது என்று சொல்லியிருந்தார். முதல் சவாரியில் அம்மாவை ஸ்ட்ரெச்சரோடு ஏற்றிக்கொண்டு போனார்கள். அடுத்த சவாரி இவனுக்கு.

நெற்றியில் கட்டோடு சாம்பசிவன் அவன் எதிரே வந்து நின்றார். ஒரு கன்னம் லோகநாதனுடையது. இன்னொரு கன்னமும் சிவந்திருந்தது. அது வீட்டுக்குள் நடந்த விஷயம்.

"எவ்வளவு உயரத்துக்கு அடுக்கணும்?" என்று கேட்டார்.

"கண்ணால சொல்ல முடியாது." அவன் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. "டியூப் வெச்சித்தான் பாக்கணும். ஒரு முனை எங்கம்மா புடிப்பாங்க. இன்னொரு முனைய நான் புடிக்கறது. இப்ப கை இல்ல."

சாம்பசிவன் சேற்றில் கிடந்த குழாயை எடுத்தார். துடைத்தார். கால்வாய்க்கு அந்தப் பக்கம் நின்ற தனத்தைப் பார்த்தார். இத்தனை நாளில் அவர் அந்த அம்மாளோடு ஒரு வார்த்தை பேசியதில்லை.

"சம்பந்தி," என்று கூப்பிட்டார். "எப்படிப் பிடிக்கணும்?"

"நிமுத்திப் புடிங்க. ஆட்டாதீங்க" என்றாள் தனம், சிரிக்காமல்.

அவர் நிமிர்த்திப் பிடித்தார். குழாய்க்குள் தண்ணீர் ஏறி இறங்கியது. சுகுமார் ரொம்ப நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு எழுந்து, நொண்டிக்கொண்டே அவர் பக்கத்தில் போய், இடது கையால் குழாயைச் சுண்டினான்.

"குமிழி நிக்குது பாருங்க மாமா," என்றான். "அது போவட்டும். அப்புறம் பாக்கலாம்."